மாமாவோடு ஃபெர்குசன் பேசுவது எப்படி

அமெரிக்கப் போலீஸிலும் சமூகத்திலும் நிறவெறி அமைப்பிலேயே ஊறிக் கிடக்கிறதா, இல்லை அங்கங்கே சில கெட்ட ஆட்கள் செய்கிற வேலையா என்ற சண்டை எங்கள் வீட்டில் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் இருப்பது மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரின் மேற்குப் புறநகரில். இங்கிருந்து காரில் அரை மணி நேரத்தில் ஃபெர்குசன் வந்துவிடும். 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுப் பையனை டேரன் வில்சன் என்ற போலீஸ்காரர் சுட்டுக் கொன்ற ஊர். அதனால் எங்களுக்கு இது டிவியில் வரும் தூரத்துச் செய்தி இல்லை.

ஒரு பக்கம் என் மாமா. எழுபதுகளின் தொடக்கத்தில் எட்டு டாலரோடு வந்திறங்கிய இன்ஜினியர். "சட்டத்தை மதிச்சு நடந்தா போலீஸ் ஒண்ணும் பண்ணாது" என்பது அவர் கட்சி. இன்னொரு பக்கம் என் அக்கா மகன். கல்லூரியில் சமூகவியல் படிக்கிறான். எதைத் தொட்டாலும் நிறவெறி என்பான். பண்டிகைக்குக் கூடினால் பாயசம் வருவதற்குள் குரல் ஏறிவிடும். இவர்கள் இருவரோடும், பிறகு ஆபீஸிலும் அக்கம்பக்கத்திலும் இதையே பேசிப் பேசி, எது எடுபடும், எது எடுபடாது என்று எனக்குக் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.

முதலில், துப்பாக்கிச் சூட்டை வைத்துத் தொடங்காதீர்கள். அக்கா மகன் எப்போதும் மைக்கேல் பிரவுனில்தான் ஆரம்பிப்பான். "கையைத் தூக்கிக்கிட்டு நின்ன பையனைச் சுட்டாங்க தாத்தா!" மாமா உடனே மடக்குவார். மடக்க அவரிடம் ஆதாரமும் இருக்கிறது. 2015 மார்ச் 4 அன்று மத்திய அரசின் நீதித்துறை (கோர்ட் இல்லை, ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) ஒரே நாளில் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. பிரவுன் கையைத் தூக்கிச் சரணடைந்தபோது சுடப்பட்டார் என்ற சாட்சியங்களை நம்ப முடியவில்லை, வில்சன் மீது மத்திய சிவில் உரிமை வழக்குத் தொடர முடியாது என்று சொன்னது முதல் அறிக்கை. அதை எழுதியது ஒபாமா காலத்து நீதித்துறை. ஆகவே 'அது வெள்ளைக்காரன் எழுதிய தீர்ப்பு' என்று தள்ளிவிடவும் வழியில்லை.

நான் அதை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவேன். "சரி மாமா, அந்த அறிக்கையில நீங்க சொல்றதுதான் இருக்கு. அதே நாள் வந்த இன்னொண்ணையும் படிச்சீங்களா?" உண்மையை உண்மை என்று சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் அடுத்த வாக்கியத்தையாவது காதில் வாங்குவார். அறிக்கையைப் படிக்காமல் கோஷத்தை மட்டும் நம்பிப் போகிறவர் முதல் நிமிடத்திலேயே விவாதத்தைக் கோட்டைவிடுகிறார்.

இரண்டாவது அறிக்கை ஃபெர்குசன் போலீஸ் இலாகாவைப் பற்றியது. அதில் ஒரு பெண்ணின் கதை வரும். 2007-ல் ஒரே ஒரு முறை காரைத் தப்பாக நிறுத்தினார். இரண்டு டிக்கெட் (போலீஸ் எழுதும் அபராதச் சீட்டு), 151 டாலர் அபராதம், அதற்குமேல் கட்டணங்கள். அவருக்கு வீடு நிலையில்லை, கையில் காசும் இல்லை. கோர்ட் தேதியைத் தவறவிட்டார். ஒவ்வொரு தவறலுக்கும் புது அபராதம், புது வாரண்ட். ஆறு நாள் சிறையில் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக 550 டாலர் கட்டியும், 2014 டிசம்பரில் இன்னும் 541 டாலர் பாக்கி என்று கணக்கு சொன்னது.

இந்தக் கணக்கை மாமா முன் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். 151. கட்டியது 550. பாக்கி 541. பெட்ரோல் ரசீதைக்கூடப் பத்திரப்படுத்துகிற மனிதர் அவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "இது கந்துவட்டி" என்றார்.

அப்புறம் நகராட்சியின் கடிதங்கள். விற்பனை வரி குறைகிறது, வருடம் முடிவதற்குள் டிக்கெட் எழுதுவதைக் கணிசமாகக் கூட்டாவிட்டால் அடுத்த வருட வசூல் ஏறாது என்று நிதி அதிகாரி 2010-ல் போலீஸ் தலைவருக்கே எழுதியிருக்கிறார். 2015 நிதியாண்டில் ஊர் வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு அபராதத்திலிருந்து வரும் என்று பட்ஜெட்டிலேயே போட்டிருந்தார்கள்.

இங்கே மாமா ஒரு நல்ல கேள்வி கேட்டார். "இது காசாசை. இதுல நிறம் எங்கே வந்தது?" இதைக் கேட்டுச் சீறுவதில் அர்த்தமில்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது, காசாசையும் நிஜம். ஆனால் அந்தக் காசை யாரிடம் போய் எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 2012 முதல் 2014 வரையிலான கணக்கில், ஊர் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 67 சதவீதம். நிறுத்தப்பட்ட வண்டியோட்டிகளில் 85, டிக்கெட் வாங்கியவர்களில் 90, கைதானவர்களில் 93 சதவீதம். 'சாலையில் நடந்த விதம்' என்றே ஒரு குற்றம் அங்கே உண்டு. அதில் மாட்டியவர்களில் 95 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். அதிகாரிகள் அலுவலக மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்ட நிறவெறி ஜோக்குகளும் அறிக்கையில் உள்ளன. கஜானாவை நிரப்ப ஆள் தேடும்போது, எதிர்த்துக் கேட்க வக்கீல் வைக்க முடியாதவன் யார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

சதவீதத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் தோற்றுப்போவீர்கள். "அவங்க அதிகமா தப்பு பண்றாங்க, அதனால அதிகமா மாட்டுறாங்க" என்று பதில் வரும். அதைத் தாண்ட எனக்குத் தெரிந்து ஒரே ஒரு எண்தான் எப்போதும் உதவியிருக்கிறது. சோதனையில் பொருள் அகப்படும் விகிதம். கறுப்பின வண்டியோட்டிகளிடம் சந்தேகப்பட உண்மையிலேயே கூடுதல் காரணம் இருந்திருந்தால், அவர்கள் காரைக் குடையும்போது கஞ்சாவோ துப்பாக்கியோ வெள்ளையர் காரில் கிடைக்கும் அளவுக்காவது கிடைக்க வேண்டும். ஃபெர்குசனில் கறுப்பினத்தவர் காரைச் சோதித்தது வெள்ளையரைவிட இரண்டு மடங்குக்கு மேல். பொருள் கிடைத்தது 26 சதவீதம் குறைவாக. அப்படியென்றால் கறுப்பினத்தவர் காரைச் சோதிக்க அற்பச் சந்தேகமே போதுமானதாக இருந்திருக்கிறது.

உங்கள் ஊருக்கும் இதைப் பார்க்கலாம். மிசௌரியில் ஒவ்வொரு போலீஸ் இலாகாவும் யாரை நிறுத்தியது, யாரைச் சோதித்தது, என்ன கிடைத்தது என்று மாநில அட்டர்னி ஜெனரல் வருடா வருடம் வெளியிட்டாக வேண்டும். 2000-ஆம் ஆண்டிலிருந்து சட்டம் அது. நாடு முழுதும் என்று பேசுவதைவிட, எதிரில் இருப்பவர் வசிக்கிற ஊரின் பக்கத்தைத் திறந்து காட்டுவது பலன் தரும். மாமா தன் ஊர்ப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நெடுஞ்சாலையில போறவன் எல்லாம் எங்க ஊர்க்காரனா? ஊர் மக்கள்தொகையோட எப்படி ஒப்பிடுவே?" என்றார். இன்ஜினியர் மூளை. சரியான ஆட்சேபம்தான்.

இதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஒரு அழகான வழி பிடித்தார்கள். ஏறக்குறைய 10 கோடி வண்டி நிறுத்தங்களை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். மாலை ஏழு மணியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் அப்போது வெளிச்சம், குளிர்காலத்தில் இருட்டு. அதே நேரம், அதே சாலை, போகிறவர்களும் ஏறக்குறைய அதே ஆட்கள். இருட்டினால் ஓட்டுகிறவர் முகம் போலீஸுக்குச் சரியாகத் தெரியாது. அப்படித் தெரியாதபோது நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைகிறது. மக்கள்தொகைக் கணக்கே வேண்டாம். மாமா இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. "புத்திசாலிப் பசங்க" என்று மட்டும் சொன்னார்.

துப்பாக்கிச் சூட்டுக்கு வந்தால் நிலைமை இவ்வளவு சுலபமில்லை. இதை அக்கா மகனுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. வாஷிங்டன் போஸ்ட் 2015 முதல் எடுத்த கணக்குப்படி போலீஸ் வருடத்துக்கு ஆயிரம் பேர் அளவில் சுட்டுக் கொல்கிறது. எண்ணிக்கையில் வெள்ளையர் அதிகம். மக்கள்தொகைக்கு ஏற்ப விகிதம் பார்த்தால் கறுப்பினத்தவர் இரண்டு மடங்குக்கு மேல். 'மக்கள்தொகையோடு ஒப்பிடாதே, குற்றங்களோடு ஒப்பிடு' என்பார்கள் எதிர்த்தரப்பினர். கொலை செய்கிறவர்களிலும் கொலையாகிறவர்களிலும் கறுப்பினத்தவரின் பங்கு அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகம் என்பது உண்மை. அதை மறைத்துப் பேசக் கூடாது. மறைத்தால் அடுத்து நீங்கள் சொல்கிற எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஹார்வர்டின் பொருளாதார நிபுணர் ரோலண்ட் ஃப்ரையர், அவரே கறுப்பினத்தவர், 2016-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். கைவிலங்கிடுவது, சுவரோடு தள்ளுவது போன்ற பலப்பிரயோகத்தில் நிறத்தின்படி தெளிவான வித்தியாசம் இருந்தது. சூழ்நிலைகளை எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அது முழுதாக மறையவில்லை. ஆனால் சுடுவதில் வித்தியாசம் தெரியவில்லை. தன் தொழில் வாழ்க்கையிலேயே தன்னை அதிகம் வியக்கவைத்த முடிவு என்று அவரே சொன்னார். மாமா மாதிரி ஆட்களுக்கு இந்த ஆய்வு ஒரு பிரம்மாஸ்திரம். இரண்டாம் பாதியை மட்டும் எடுத்து வீசுவார்கள். முதல் பாதியையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

சுடுவதைப் பற்றிய பாதிக்கும் பதில் உண்டு. 2020-ல் டீன் நாக்ஸ், வில் லோ, ஜோனதன் மம்மோலோ என்ற ஆய்வாளர்கள் மூவர் எழுதினார்கள். போலீஸ் பதிவேடு, போலீஸ் ஒருவரை நிறுத்தின இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. நிறுத்தியதிலேயே பாரபட்சம் இருந்தால், பதிவேட்டில் அது தெரியாது. அக்கா மகன் ஒரு உறையின் பின்புறம் கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டினான். பெரிய காரணத்துக்காக மட்டும் 100 வெள்ளையரை நிறுத்தி 10 பேர் மீது பலப்பிரயோகம். 10 சதவீதம். அதே பெரிய காரணத்துக்காக 100 கறுப்பினத்தவரை நிறுத்தி 15 பேர் மீது பலப்பிரயோகம். இது அநியாயம்தான். ஆனால் சில்லறைக் காரணத்துக்கு இன்னொரு 100 பேரையும் நிறுத்திச் சும்மா அனுப்பினால் மொத்தம் 200-க்கு 15, ஏழரை சதவீதம். பதிவேட்டைப் பார்த்தால் கறுப்பினத்தவரிடம் போலீஸ் மென்மையாக நடந்த மாதிரி இருக்கும்! அவன் அன்று கோஷம் போடாமல் பென்சில் எடுத்ததால் மாமா முழுக்க உட்கார்ந்து கேட்டார்.

போலீஸைத் தாண்டி சமூகத்துக்கு வந்தால், எங்கள் ஊரைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. யார் எந்தத் தெருவில் வாழலாம் என்று 1916-ல் ஓட்டெடுப்பு நடத்தி, நிறப்படி பிரித்துச் சட்டம் போட்ட ஊர் செயின்ட் லூயிஸ். மறு வருடமே, கெண்டக்கியிலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட சட்டம் செல்லாது என்றது. உடனே, இன்னாருக்கு இந்த வீட்டை விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதுகிற வழி பரவியது. இங்கே லபடி அவென்யூவில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் வாங்கிய வீட்டின் மீது நடந்த வழக்கில்தான், இந்த நிபந்தனைகளைக் கோர்ட் அமல்படுத்தக் கூடாது என்று 1948-ல் தீர்ப்பு வந்தது. அந்த வீட்டு நிபந்தனையில் 'நீக்ரோ அல்லது மங்கோலிய இனத்தவர்' என்று இருந்தது. ஆசியர்களையும் சேர்த்துத்தான்.

என் தோழி ஒருத்தி இங்கே பழைய வீடு வாங்கியபோது, வந்த பத்திரக் கட்டில் அந்த மாதிரிப் பக்கம் ஒன்று இன்னும் இருந்தது. மங்கிய தட்டச்சு எழுத்து. வேலி உயரம் இவ்வளவு, கோழி வளர்க்கக் கூடாது, அதற்கடுத்த வரி வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது, வேலைக்காரராக இருந்தால் ஒழிய. சட்டப்படி செத்துப்போன வரிதான். ஆனாலும் கோழிக்கும் நம்மைப் போன்றவருக்கும் ஒரே பட்டியலில் இடம் கொடுத்ததைப் படித்தபோது அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மாமாவிடம் போனில் படம் அனுப்பினேன். பல ஆய்வுகள் செய்யாத வேலையை அந்த ஒரு பக்கம் செய்தது.

இதற்கும் போலீஸ் டிக்கெட்டுக்கும் தொடர்பு உண்டு. மைக்கேல் பிரவுன் இறந்தபோது செயின்ட் லூயிஸ் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஏறக்குறைய 90 குட்டி நகராட்சிகள். யார் உள்ளே வரலாம் என்று மனை விதிகளால் முடிவு செய்யவே சில ஊர்கள் பிறந்தன. பிளாக் ஜாக் என்ற ஊர் 1970-ல் நகராட்சி ஆனதே, கறுப்பினத்தவரும் வரக்கூடிய ஒரு அடுக்குமாடித் திட்டத்தைத் தடுக்கத்தான். 1974-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. இப்படித் துண்டு துண்டாகப் போன ஊர்களில், வெள்ளையர் வெளியேறிக் கடைகளும் போன பிறகு வரி வருமானம் வற்றியது. பிறகு மிஞ்சியது டிக்கெட் புத்தகம். வீடு வாங்க விடாத காலத்தின் விளைவை இன்றைய சொத்துக் கணக்கிலும் பார்க்கலாம். 2022-ல் மத்திய ரிசர்வ் வங்கி எடுத்த கணக்கில் நடுவில் இருக்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. இன்று நிறவெறி பிடித்த ஒரு மனிதன்கூட இல்லையென்று வைத்துக்கொண்டாலும் இந்த இடைவெளி தானாக மூடாது.

"நாங்க எட்டு டாலரோட வந்து முன்னேறலையா?" இது வராமல் எந்தத் தமிழ் வீட்டிலும் இந்தப் பேச்சு முடியாது. கோபப்படாமல் இரண்டு விஷயம் சொல்வேன். எட்டு டாலர் பர்ஸில். கிண்டி இன்ஜினியரிங் பட்டம் பெட்டியில். அந்தப் பட்டத்துக்கு இந்தியா செலவு செய்திருந்தது. இரண்டாவது, நம்மை உள்ளே விட்ட 1965 குடியேற்றச் சட்டம் சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த அதே ஆண்டுகளில் வந்தது. பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் குடியுரிமை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1923-ல் 'நீ வெள்ளையன் இல்லை' என்று அவருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்ட நாடு இது. இன்னொன்றும் உண்டு, இதை மாமாவிடம் கேட்க எனக்குக் கொஞ்சம் துணிச்சல் தேவைப்பட்டது. இடஒதுக்கீடு எதற்கு என்று ஊரில் யாராவது கேட்டால் தலைமுறைக் கணக்கு எல்லாம் எடுத்துச் சொல்கிற நம்மவர்கள் பலர், இங்கே வந்ததும் 'தகுதி' என்று மட்டும் பேசுவது எப்படி?

பெயரை வைத்து ஒரு ஆய்வு உண்டு. 2004-ல் வெளியானது. பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களை எமிலி, கிரெக் போன்ற பெயரிலும் லக்கிஷா, ஜமால் போன்ற பெயரிலும் அனுப்பினார்கள். வெள்ளைப் பெயர்களுக்கு 50 சதவீதம் அதிக அழைப்பு. ஆய்வு செய்தவர்கள் மரியான் பெர்ட்ரான்ட், செந்தில் முல்லைநாதன். இரண்டாவது பெயரைக் கேட்டதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றார்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். உங்கள் கறுப்பின நண்பரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றாதீர்கள். விருந்துக்கு வந்த என் சக ஊழியரிடம் எங்கள் உறவினர் ஒருவர், "நீங்களே சொல்லுங்க, உங்களை எப்பவாவது போலீஸ் தொந்தரவு பண்ணியிருக்கா?" என்று கேட்டுவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினார். சோறு சாப்பிட வந்தவர், தன் இனத்துக்கே வக்காலத்து வாங்க வரவில்லை. அவரோடு மதிய உணவுக்குக் காரில் போன ஒரு நாள் எங்களைப் போலீஸ் நிறுத்தியது. காரின் பதிவுச் சீட்டும் இன்சூரன்ஸும் டாஷ்போர்டு பெட்டியில் இல்லை. தலைக்கு மேல் வெயில் மறைப்பில் கிளிப் போட்டுச் செருகியிருந்தார். லைசென்ஸ் ஏற்கெனவே டாஷ்போர்டின் மேல். இரண்டு கையும் ஸ்டியரிங்கின் உச்சியில், விரல்கள் விரிந்து. "இப்போது வலது கையால் மேலே இருக்கும் தாளை எடுக்கப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்தார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். காரை எடுத்ததும், எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று கேட்டார், அவ்வளவுதான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கார் ஓட்டக் கற்றுத்தரும்போது இதைக் கற்றுத்தாருங்கள். பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டிய அவசியம் வராமல் தாள்களை வைப்பது யாருக்கும் நல்லதுதான்.

ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசனில், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த 57 வயது சுரேஷ்பாய் பட்டேல் தெருவில் நடந்துகொண்டிருந்தார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் சந்தேகமாகத் திரிகிறான் என்று யாரோ போலீஸைக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. போலீஸ்காரர் தரையில் அடித்து வீழ்த்தியதில் உடல் பாதி செயலிழந்தது. இரண்டு முறை ஜூரி ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை, கடைசியில் நீதிபதி போலீஸ்காரரை விடுவித்தார். இதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடைப்பயிற்சிக்குப் போகிற பெரியவர்கள் சட்டைப்பையில் முகவரியும் எங்கள் போன் நம்பரும் எழுதிய அட்டை இல்லாமல் இறங்குவதில்லை. முதல் அட்டையைத் தன் அக்காவுக்கு எழுதிக் கொடுத்தவர் மாமா.

மெம்ஃபிஸில் 2023 ஜனவரியில் டயர் நிக்கல்ஸை அடித்துக் கொன்ற ஐந்து போலீஸ்காரர்களும் கறுப்பினத்தவர். "அப்போ இது நிறவெறி எப்படி?" என்று மாமா கேட்டதற்கு அக்கா மகன் நிதானமாகச் சொன்னான்: "ஃபெர்குசன்ல போலீஸ்காரங்க எல்லாரையும் மாத்தியிருந்தாலும் அந்த பட்ஜெட் அப்படியேதானே இருந்திருக்கும், தாத்தா?"

இப்போது 'இருக்கிறதா, இல்லையா' என்று எங்கள் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. 'அமைப்பிலேயே நிறவெறி' என்ற சொல்லை மாமா இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்துவதில்லை. அபராத வருமானத்துக்கு உச்சவரம்பு வைத்து 2015-ல் மிசௌரி சட்டம் போட்டது சரி என்கிறார். அது எனக்குப் போதும். சண்டை இப்போது ஃபிலடெல்பியா பற்றி. பம்பர் தொங்குவது, ஒரு விளக்கு எரியாதது போன்ற சில்லறைக் காரணங்களுக்காக மட்டும் காரை நிறுத்தக் கூடாது என்று 2021-ல் அந்த நகரம் சட்டம் இயற்றியது. படம் பிடித்துத் தபாலில் டிக்கெட் அனுப்பினால் போதாதா என்கிறான் அக்கா மகன். "விளக்கு எரியாத காரை நிறுத்தினப்பதான் குடிச்சிட்டு ஓட்டுறவன் மாட்டுவான். தபால்ல அவனை எப்படிடா பிடிப்பே?" என்கிறார் மாமா. அவன் எண்களைத் தேடிக்கொண்டிருக்கிறான்.